குதிரைப்படை மினியேச்சர்களுக்கு எந்தக் குதிரை நிறம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குதிரைவீரர் மினியேச்சர் (மேசைமேல் ஆடும் போர் விளையாட்டுக்கான சின்னஞ்சிறு உருவம்) தீட்டுகிறவர்கள் சீருடைக்காக வாரக்கணக்கில் மெனக்கெடுவார்கள். கழுத்துப்பட்டை சிவப்பா ஆரஞ்சா, பொத்தான் ஒற்றை வரிசையா இரட்டை வரிசையா என்று தேடித் தேடிப் பார்ப்பார்கள். குதிரை என்று வரும்போது மட்டும் கைக்குக் கிடைத்த பழுப்பு டப்பாவைத் திறந்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் மேசைக்கு மூன்றடி தள்ளி நின்று பாருங்கள், கண்ணில் படுவதில் பாதிக்கு மேல் குதிரைதான். அந்தப் பொத்தான் யாருக்கும் தெரியாது.

என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றையும், நான் அடுத்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றையும் இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன்.

குதிரை நிறங்களுக்கு நூறு பெயர் இருக்கிறதே, எல்லாவற்றையும் படிக்க வேண்டுமா?

வேண்டாம். நாலு பெயர் போதும், தொண்ணூறு சதவீத வேலை முடிந்துவிடும்.

செவலை: உடம்பு முழுக்கச் சிவந்த பழுப்பு, பிடரியும் வாலும் அதே நிறம் அல்லது அதைவிட வெளிர். ஆங்கிலப் பெயர் செஸ்ட்நட். மாட்டுக்குச் சொல்லும் செவலைதான், குதிரைக்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது.

பே: உடம்பு பழுப்பு, ஆனால் பிடரி, வால், காலின் கீழ்ப்பாதி, காது விளிம்பு எல்லாம் கருப்பு. இதற்குத் தமிழில் எனக்குப் பிடித்த ஒற்றைச் சொல் அமையவில்லை. 'பே' என்று எழுதினால் யாரோ பயந்து அலறுவது மாதிரி இருக்கிறது என்று நண்பர்கள் கிண்டல் செய்வார்கள், இருந்தாலும் அதையே வைத்துக்கொள்வோம்.

கருப்பு: விளக்கம் தேவையில்லை, ஆனால் தீட்டுவதில்தான் சிக்கல். கீழே வருகிறது.

மயிலை: சாம்பலிலிருந்து வெள்ளைவரை. ஆங்கிலத்தில் கிரே. நாம் 'வெள்ளைக் குதிரை' என்று சொல்வது பெரும்பாலும் வயதான மயிலைதான்.

மற்றதெல்லாம் (மணல்நிறம், பொன்னிறம், புள்ளி, திட்டு) மேலே தூவும் கொத்தமல்லி மாதிரி. ஒரு படையில் ஒன்றிரண்டு போதும்.

புதிதாக ஆரம்பிக்கிறவர் ஒரே ஒரு விதியை நினைவில் வைப்பதென்றால் எது?

பிடரி கருப்பு என்றால் காலும் கருப்பு. அவ்வளவுதான்.

இது ஏன் என்று கொஞ்சம் சொல்கிறேன், ஒருமுறை புரிந்துவிட்டால் மறக்காது. குதிரை மயிரில் இரண்டே நிறமிகள், கருப்பு ஒன்று, சிவப்பு ஒன்று. செவலைக் குதிரையின் மயிரில் கருப்பு நிறமி உருவாவதே இல்லை, அதனால் அதற்குக் கருப்புப் பிடரி இருக்கவே முடியாது. கருப்பு உருவாகும் குதிரைகளில் ஒரு மரபணு அந்தக் கருப்பை உடம்பிலிருந்து ஓரங்களுக்குத் தள்ளிவிட்டால் பே, தள்ளாவிட்டால் முழுக்கருப்பு. ஆக பே குதிரையில் கருப்பு வந்தால் பிடரி, வால், கால் எல்லாவற்றிலும் சேர்ந்துதான் வரும். பிடரியை மட்டும் கருப்பாக்கிவிட்டுக் காலை உடம்பு நிறத்திலேயே விட்டால், அது உலகத்தில் கிட்டத்தட்ட இல்லாத குதிரை.

நான் முதன்முதலில் தீட்டிய டிராகூன் குதிரைவீரர்கள் பன்னிரண்டும் அப்படித்தான், அழகான செங்கல் நிற உடம்பு, மைக்கருப்புப் பிடரி, செங்கல் நிறக் கால். குதிரைச் சவாரி தெரிந்த நண்பர் ஒருவர் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லா இருக்கு, இது என்ன மிருகம்?" என்று கேட்டார். அன்றைக்கு ராத்திரியே நாற்பத்தெட்டுக் காலுக்கும் கருப்பு பூசினேன்.

பன்னிரண்டு குதிரை கொண்ட ஒரு படைக்கு எந்த நிறம் எத்தனை?

காலம், நாடு என்று எந்தத் தகவலும் கைவசம் இல்லையென்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு போடும் கணக்கு இது: பே ஐந்து, செவலை மூன்று, கரும்பழுப்பு இரண்டு, கருப்பு ஒன்று, மயிலை ஒன்று. பேயும் செவலையும்தான் பெரும்பாலான நாடுகளில் அதிகம் காணப்படும் நிறங்கள், அதனால் இந்தக் கணக்கு எந்தப் படைக்கும் பெரிதாகத் தப்பாது.

ஆனால் ஐந்து பேயையும் ஒரே டப்பாவிலிருந்து தீட்டாதீர்கள். இரண்டு வெளிர், இரண்டு நடுத்தரம், ஒன்று கிட்டத்தட்டக் கருப்புக்கே போன கரும் பே என்று பிரியுங்கள். ஒரே பழுப்பில் சொட்டுச் சொட்டாக ஆரஞ்சோ அடர்பழுப்போ கலந்தாலே மூன்று குதிரையாகிவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் படை ஒரே நிறமாகத் தெரிய வேண்டும், கிட்டே வந்தால் இரண்டு குதிரை ஒன்றுபோல இருக்கக் கூடாது. என் ஆசையெல்லாம் அதுதான்.

இன்னொன்று. வண்ணத்தைத் தொடுவதற்கு முன்பே ஒவ்வொரு பேஸின் (உருவம் நிற்கும் அடித்தட்டு) அடியிலும் பென்சிலால் நிறத்தை எழுதிவிடுங்கள். எழுதாமல் உட்கார்ந்தால் கை தானாகவே அழகான நிறத்துக்குப் போகும், முடிவில் ஐந்து மயிலை, நாலு பொன்னிறம் என்று சர்க்கஸ் குதிரைகள் வந்து நிற்கும். அப்புறம் பேஸில் ஒட்டும்போது ஒரே சாயல் உள்ள இரண்டு பக்கத்தில் பக்கத்தில் வராமல் மாற்றி மாற்றி வையுங்கள்.

எல்லாக் குதிரையும் ஒரே நிறத்தில் இருந்த படைகள் உண்மையிலேயே இருந்தனவா?

இருந்தன. ஆனால் நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை, பணமும் செல்வாக்கும் இருந்த படைகளில்தான் பெரும்பாலும்.

பெயரிலேயே நிறம் இருக்கும் படையிலிருந்து ஆரம்பிக்கலாம். பிரிட்டனின் ஸ்காட்ஸ் கிரேஸ் மயிலைக் குதிரைகளில் வந்தவர்கள், 1815 ஜூன் 18 வாட்டர்லூ போரிலும் அப்படியே. அதே நாட்டின் இரண்டாம் டிராகூன் கார்ட்ஸ் 1767 முதல் பே குதிரைகளையே வைத்துக்கொண்டதால் 'குயின்ஸ் பேஸ்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. நெப்போலியனின் காவல்படையில் குதிரை கிரெனடியர்கள் கருப்புக் குதிரைக்குப் பேர்போனவர்கள், கரடித்தோல் தொப்பியோடு அந்தக் கருப்பு வரிசை மேசையில் நின்றால் எதிராளிக்கே ஒரு கணம் கை நிற்கும்.

அமெரிக்காவில் கஸ்டர் என்ற தளபதி 1868இல் தன் ஏழாம் குதிரைப்படையின் குதிரைகளை எல்லாம் கலைத்து, கம்பெனிக்கு ஒரு நிறம் என்று மறுபடி பிரித்துக் கொடுத்தார். பழகிய குதிரையைப் பறிகொடுத்தவர்கள் சும்மா இருப்பார்களா, முணுமுணுப்பு பலமாக இருந்தது. அந்தப் பிரிவினை 1876 ஜூன் 25 லிட்டில் பிக்ஹார்ன் சண்டையிலும் தெரிந்தது, ஈ கம்பெனியின் மயிலைக் குதிரைகளை எதிர்த்தரப்பில் சண்டையிட்ட லகோட்டா, செயென் பழங்குடி வீரர்கள் பின்னாளில் தனியாக நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

ரொம்பப் பழைய உதாரணம் வேண்டுமென்றால் சீன வரலாற்றாசிரியர் சிமா சியான் எழுதியது. கி.மு. 200இல் பைதெங் என்ற இடத்தில் ஹான் பேரரசரை சியோங்னு நாடோடிகளின் குதிரைப்படை சுற்றி வளைத்தபோது, மேற்கே முழுக்க வெள்ளைக் குதிரை, கிழக்கே சாம்பல்நீலம், வடக்கே கருப்பு, தெற்கே சிவப்பு என்று நின்றதாம். இதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு அலங்காரம் என்று வாதாடலாம். சியோங்னு படை தீட்டுகிறவருக்கு இதைவிட நல்ல சாக்கு வேறென்ன கிடைக்கும்?

அப்படியானால் ஸ்காட்ஸ் கிரேஸ் எந்தக் காலத்தில் தீட்டினாலும் மயிலைதானே?

இல்லை! இதில் மாட்டிக்கொள்ளாதீர்கள். 1914இல் முதல் உலகப் போருக்குப் போனபோது மயிலைக் குதிரைகள் தூரத்திலேயே குண்டுக்கு இலக்காகிவிடும் என்று சாயம் போட்டுச் செவலையாக்கிவிட்டார்கள். அந்தக் காலத்தைத் தீட்டுகிறீர்கள் என்றால் செவலை அடித்து, அங்கங்கே சாயம் சரியாக ஏறாத மாதிரி கொஞ்சம் திட்டாக விட்டால் பிரமாதமாக இருக்கும்.

சாயம் என்றதும் இன்னொன்று. மொகலாயச் சிற்றோவியங்களில் காலின் கீழ்ப்பகுதியும் வாலும் மருதாணிச் சிவப்பில் இருக்கும் வெள்ளைக் குதிரைகளைப் பார்க்கலாம். போலந்துப் பிரபுக்களும் ஊர்வலங்களில் வெளிர் குதிரைகளுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றினார்கள், 1605இல் கிராகோவுக்குள் நுழைந்த அரச திருமண ஊர்வலத்தைக் காட்டும் நீண்ட ஓவியச் சுருளில் அதைப் பார்க்கலாம். தளபதி உருவத்துக்கு இது அருமையான யோசனை. படை முழுக்கச் செய்தால் யாரும் நம்ப மாட்டார்கள், நீங்கள் விளக்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

போர்க்களத்தில் ரொம்ப நாள் இருந்த படைக்கும் அதே ஒழுங்கா?

கிடையாது. குதிரை சாகும், நொண்டும், பட்டினியில் விழும். பதிலுக்குக் கிடைத்தது எதுவோ அதில்தான் ஏறுவார்கள். 1812இல் ரஷ்யாவுக்குப் போன பிரெஞ்சுப் படை குதிரைகளைப் பெரும்பாலும் அங்கேயே தொலைத்துவிட்டது, 1813இல் ஆள் இருந்தும் குதிரை இல்லாமல் திண்டாடியது. அந்த வருடத்துப் படையைத் தீட்டும்போது நான் வேண்டுமென்றே கலந்தடிப்பேன். நிறம் மட்டுமில்லாமல், வேறு அச்சில் வந்த கொஞ்சம் குட்டையான குதிரை ஒன்றிரண்டு கையில் இருந்தால் அதையும் உள்ளே நுழைப்பேன்.

டிரம்பெட் ஊதுபவருக்கு ஏன் எப்போதும் மயிலை?

அதிகாரி சொல்வதை ஊதிக் காட்டுபவர் அவர், புகையிலும் தூசியிலும் அவரை உடனே கண்டுபிடிக்க வேண்டும். அதனால் பல ஐரோப்பியப் படைகளில் டிரம்பெட்காரர்களை மயிலையில் ஏற்றினார்கள், குதிரை கிரெனடியர்களின் கருப்பு வரிசையிலும் அவர்கள் மட்டும் வெளிர் குதிரையில். மேசையிலும் அதே பலன், எந்த அடுக்கில் கட்டளைக் குழு இருக்கிறது என்று தேட வேண்டியதே இல்லை. ஆனால் படையே மயிலையாக இருந்தால் இந்த உத்தி வேலை செய்யாது, அப்போது அவருடைய சீருடையை நம்ப வேண்டியதுதான்.

அதிகாரிகள், தளபதிகள்?

அதிகாரிகள் சொந்தக் காசில் குதிரை வாங்கிய படைகள் நிறைய, அதனால் அவர்களுக்குச் சுதந்திரம் அதிகம். பெயர்பெற்றவர்களுக்கு மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டுத் தீட்டுங்கள். வாட்டர்லூவில் பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் ஏறியிருந்த கோபன்ஹேகன் செவலை. நெப்போலியனின் மரெங்கோ மயிலை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்குத் தரப்புத் தளபதி லீ ஏறிய டிராவலரும் மயிலை. இந்த மூன்றையும் மாற்றித் தீட்டினால் விளையாட வரும் யாராவது ஒருவர் நிச்சயம் பிடித்துவிடுவார், அதுவும் நீங்கள் ஜெயிக்கும் நேரம் பார்த்து.

இடைக்கால வீரர்களுக்கு யாராவது குதிரை நிறம் எழுதி வைத்திருக்கிறார்களா?

வைத்திருக்கிறார்கள், அதுவும் அரசாங்கக் கணக்கில். 13, 14ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் போருக்குப் போகும் வீரனின் குதிரை செத்தால் அரசர் ஈடு கொடுக்க வேண்டும். கிழட்டுக் குதிரையைக் காட்டிவிட்டு உயர்ந்த குதிரைக்குக் காசு கேட்பார்களே, அதற்காக முன்கூட்டியே ஒவ்வொரு குதிரையின் நிறத்தையும் மதிப்பையும் பதிந்து வைத்தார்கள். அந்தப் பட்டியல்களில் பே, கருப்பு, மயிலை, செவலை, திட்டு என எல்லாம் கலந்தே வருகின்றன. ஆக நைட்களுக்கு ஒரே நிறம் தேட வேண்டாம், ஒவ்வொருவரும் அவரவர் குதிரையில் வந்தவர்கள். போதாததற்குப் பாதி குதிரை துணிப்போர்வைக்குள் ஒளிந்திருக்கும். தெரிவது மூக்கும் காலும்தான், அந்த இரண்டையும் சரியாகச் செய்தால் போதும்.

ஒரு பே குதிரையை ஆரம்பத்திலிருந்து எப்படித் தீட்டுவது?

28 மி.மீ. அளவுக்கு (வீரன் நின்றால் வரும் உயரம்) நான் செய்வதைச் சொல்கிறேன்.

முதலில் அடர்பழுப்பு பிரைமர் (அடிப்பூச்சு). அதன் மேல் நடுத்தரச் செம்பழுப்பை உடம்பெல்லாம் பூசுங்கள், ஆனால் வயிற்றின் அடியிலும் தொடை இடுக்கிலும் பிரைமரை அப்படியே விடுங்கள். அடுத்து அதே வண்ணத்தில் கொஞ்சம் ஆரஞ்சு கலந்து, வெளிச்சம் விழும் இடங்களில் மட்டும்: பிட்டத்தின் மேல்வட்டம், தோள்பட்டை, கழுத்தின் மேல் வளைவு, கன்ன எலும்பு, விலா. வெள்ளை கலந்து வெளிரவைக்காதீர்கள், தூசி படிந்த சாக்லெட் மாதிரி ஆகிவிடும். ஆரஞ்சோ காவி மஞ்சளோதான்.

இப்போது கால். இங்கேதான் அவசரப்படுவார்கள். முட்டிக்குக் கீழே கோடு கிழித்தாற்போல் கருப்பு அடித்தால் குதிரை காலுறை போட்டிருப்பது போலத் தெரியும். நிஜக் குதிரையில் கருப்பு கீழே அடர்த்தியாக ஆரம்பித்து, முட்டியைத் தாண்டும்போது உடம்பு நிறத்துக்குள் கரைந்துபோகும். அதனால் முதலில் முட்டிக்குச் சற்று மேலிருந்து தண்ணீராகக் கரைத்த அடர்பழுப்பு ஒரு பூச்சு, காய்ந்ததும் முட்டியிலிருந்து கீழே கருப்பும் பழுப்பும் சரிபாதி, கடைசியாகக் குளம்புக்கு மேலே மட்டும் முழுக்கருப்பு. மூன்று பூச்சு, ஒரு காலுக்கு அரை நிமிடம்.

பிடரிக்கும் வாலுக்கும் கருப்பு அடித்து, மேலே அடர் சாம்பல் டிரை பிரஷ் (வண்ணத்தைத் துடைத்தெடுத்த தூரிகையால் தேய்ப்பது) லேசாக. மூக்கைச் சுற்றிக் கருமை, காது நுனியில் ஒரு தொடல். முடிந்தது.

ஆயில் பெயிண்ட் முறை என்கிறார்களே, அது நிஜமாகவே சுலபமா?

அறுபது குதிரை வரிசையில் நிற்கிறதென்றால் அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. அக்ரிலிக்கில் வெளிச்சமான அடிநிறம் ஒன்று பூசிக்கொள்ளுங்கள். செவலைக்குக் காவி மஞ்சள், பேக்கு ஆரஞ்சுப் பழுப்பு. நீங்கள் நினைப்பதைவிடப் பளிச்சென்று இருக்க வேண்டும், பார்த்தால் கொஞ்சம் பயமாகக்கூட இருக்கும், பரவாயில்லை. காய்ந்ததும் சாட்டின் (அரைப் பளபளப்பு) வார்னிஷ் ஒரு பூச்சு. அதன்மேல் பர்ன்ட் அம்பர் (அடர்பழுப்பு) ஆயில் பெயிண்டை, டியூபிலிருந்து வந்த கெட்டியோடு, குதிரை முழுவதும் மெல்லிசாக இழுத்துப் பூசுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, மேக்கப் போடும் ஸ்பாஞ்ச் துண்டால் மேடான இடங்களைத் துடையுங்கள். தசை மேட்டில் அடிநிறம் எட்டிப் பார்க்கும், பள்ளத்தில் அடர்நிறம் தங்கும். நடுவில் கோடே தெரியாது, ஏனென்றால் கலப்பு வேலையை ஆயிலே பார்த்துக்கொள்கிறது.

பர்ன்ட் அம்பருக்குப் பதில் பர்ன்ட் சியன்னா போட்டால் சிவந்த குதிரை, கருப்பு கொஞ்சம் சேர்த்தால் கரும் பே. அடிநிறம் மூன்று, ஆயில் மூன்று என்று வைத்துக்கொண்டால் ஒன்பது விதக் குதிரை ஒரே மாலையில் தயார்.

கஷ்டம் ஒன்றே ஒன்று, காய இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்குள் கைவைத்தால் விரல்ரேகை பதியும் (என் குதிரை ஒன்றின் தொடையில் இன்னும் இருக்கிறது, சேணத்துணிக்குக் கீழே என்பதால் விட்டுவிட்டேன்). வார்னிஷ் 'மேட்' (பளபளப்பில்லாத) வகையாக இருந்தாலும் சிக்கல்தான், ஆயில் அதில் ஊறிப் பிடித்துக்கொள்ளும், துடைத்தால் வராது.

மயிலையில் வட்டம் வட்டமாக வருமே, அதை எப்படிச் செய்வது?

முதலில் வயதைத் தீர்மானியுங்கள். மயிலைக் குதிரை வெளுத்துப் பிறப்பதில்லை. கருப்பாகவோ பழுப்பாகவோ பிறந்து வருடத்துக்கு வருடம் நரைக்கும். வெள்ளைக்குப் பேர்போன லிப்பிசானர் இனக் குதிரைகளும் குட்டியில் கருத்தவைதான், ஆறிலிருந்து பத்து வயதுக்குள் வெளுத்துவிடும். அதனால் ஒரே மயிலைப் படைக்குள் இளசு இரும்புச் சாம்பலாக, நடுவயது வட்டப் புள்ளியோடு, மூத்தது கிட்டத்தட்ட வெள்ளையாக நிற்கலாம். ஸ்காட்ஸ் கிரேஸ் தீட்டிச் சலித்துப்போனவர்களுக்கு இதுதான் மருந்து.

வட்டங்களில் எல்லாரும் செய்யும் தப்பு, வெள்ளைக் குதிரை மேல் சாம்பல் பொட்டு வைப்பது. உண்மையில் அது தலைகீழ். வட்டம் வெளிராக இருக்கும், அதைச் சுற்றியிருக்கும் வலைதான் அடர்த்தி. அதனால் நடுச்சாம்பலை அடித்துவிட்டு, தேய்ந்துபோன பழைய தூரிகையின் நுனியால் வெளிர்சாம்பலை ஒற்றி ஒற்றி எடுங்கள், பிட்டத்திலும் விலாவிலும் நெருக்கமாக, தோளில் கொஞ்சம், கழுத்தில் அதைவிடக் குறைவாக. ஒவ்வொரு வட்டத்துக்கு நடுவிலும் இன்னும் வெளிர் ஒரு புள்ளி. அளவு ஒரே மாதிரி இருக்கக் கூடாது, வரிசையாகவும் வரக் கூடாது. முட்டிகளை அடர்த்தியாகவே விடுங்கள், முகத்தை முதலில் வெளுக்க வையுங்கள். பிடரியும் வாலும் உங்கள் விருப்பம், கருஞ்சாம்பலும் சரி, வெள்ளையும் சரி.

மூத்த மயிலைக்கு வெள்ளை மயிருக்கு அடியில் தோல் கருப்பு. அதனால் மூக்கு, வாய், கண்ணைச் சுற்றி எல்லாம் கருஞ்சாம்பல். இளஞ்சிவப்பு மூக்கு வைத்துவிட்டால் அது வேறு குதிரை, ரொம்ப அபூர்வமான பிறவி வெள்ளை.

கருப்புக் குதிரை ஓட்டை விழுந்த மாதிரி தெரிகிறதே?

டப்பாக் கருப்பை அப்படியே அடித்ததால். அடிநிறமாகக் கருப்போடு அடர்பழுப்போ கருநீலமோ கலந்துகொள்ளுங்கள். பழுப்பு கலந்தால் வெயிலில் வெளுத்த, உழைத்த குதிரை, போர்க்களத்துக்கு அதுதான் பொருத்தம். நீலம் கலந்தால் தேய்த்துப் பளபளவென்று வைத்த அணிவகுப்புக் குதிரை. வெளிச்ச இடங்களுக்குச் சாம்பலைக் கஞ்சத்தனமாகப் பயன்படுத்துங்கள், கொஞ்சம் கூடினாலும் குதிரை கரும் மயிலையாக மாறிவிடும். கடைசியில் உடம்புக்கு மட்டும் சாட்டின் வார்னிஷ் அடித்துப் பாருங்கள், பாதி வேலையைப் பளபளப்பே செய்துவிடும்.

நெற்றியிலும் காலிலும் வெள்ளை எவ்வளவு வைக்கலாம்?

குறைவாக. நெற்றிச் சுட்டி, முகத்தில் நீளமாக இறங்கும் பட்டை, மூக்கின் மேல் சின்னப் பொட்டு, குளம்புக்கு மேல் வெள்ளை, முட்டிவரை வெள்ளை என்று வகை நிறைய இருக்கிறது. நான் பாதிக் குதிரைகளுக்கு முகத்தில் ஏதாவது ஒன்று, மூன்றில் ஒன்றுக்குக் காலில் ஒன்றோ இரண்டோ என்று வைத்துக்கொள்கிறேன். நாலு காலும் முகமும் வெளுத்த பஞ்சகல்யாணியை ஒரு படைக்கு ஒன்றுக்கு மேல் வைக்க மாட்டேன், அதையும் அதிகாரிக்குத்தான் கொடுப்பேன்.

பே குதிரையின் காலில் வெள்ளை வைத்தால் அதற்கு மேலே கருப்பு தெரிய வேண்டும் என்பதை மறக்காதீர்கள். வெள்ளை அந்தக் கருப்பின் மேல்தான் வருகிறது. குளம்பும் அதோடு சேர்ந்தது: வெள்ளைக் காலுக்குப் பெரும்பாலும் கொம்பு நிறத்தில் வெளிர் குளம்பு, அடர்ந்த காலுக்குக் கருஞ்சாம்பல் குளம்பு. முகத்து வெள்ளை மூக்குவரை இறங்கினால் அந்த இடத்தில் தோல் இளஞ்சிவப்பு. சுத்த வெள்ளையைவிடக் கொஞ்சம் மஞ்சள் கலந்த வெள்ளை எப்போதும் நன்றாக உட்காரும்.

கண்?

கருப்பு ஒரு பொட்டு, மேலே பளபளப்பு வார்னிஷ். அவ்வளவுதான். மனிதக் கண் மாதிரி இரண்டு பக்கமும் வெள்ளை வைத்தால் குதிரை பேயறைந்தது போல இருக்கும். மிரண்டு பின்வாங்கும் குதிரைக்கு மட்டும் ஓரத்தில் ஒரு கீற்று வெள்ளை.

புள்ளிக் குதிரை, திட்டுக் குதிரை எல்லாம் பழங்காலப் படைக்குச் சரியா, இல்லை நவீன வளர்ப்பா?

இதில் நானே ரொம்ப நாள் தப்பாக நினைத்திருந்தேன். சிறுத்தை மாதிரிப் புள்ளி போட்ட குதிரை யாரோ பிற்காலத்தில் வளர்த்து உண்டாக்கியது என்றுதான் என் எண்ணம். பிரான்சில் பெஷ் மெர்ல் குகையில் சுமார் 25,000 வருடத்துக்கு முந்தைய புள்ளிக் குதிரை ஓவியம் இருக்கிறது, அது வெறும் கற்பனை என்றுகூடச் சொன்னார்கள். 2011இல் வெளியான பழங்கால டி.என்.ஏ. ஆய்வு ஒன்றில் பனியுக ஐரோப்பியக் குதிரைகளிலேயே அந்தப் புள்ளிக்கான மரபணு கிடைத்தது. ஆக எந்தக் காலத்துப் படையிலும் ஒன்றிரண்டு வைக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

திட்டு திட்டாக வெள்ளை கலந்த குதிரைக்கு, அடர்நிறத்தை முழுக்க முடித்துவிட்டு வெள்ளைத் திட்டுகளை மேலே போடுவது சுலபம். திட்டின் ஓரம் உலக வரைபடத்துக் கடற்கரை மாதிரி வளைந்து நெளிய வேண்டும், வட்டமாக இருந்தால் பசுமாடுதான் ஞாபகம் வரும். பிடரி எந்தத் திட்டுக்குள் விழுகிறதோ அந்த நிறத்தில்.

ஸ்டெப்பி புல்வெளிக் குதிரைவீரர்களுக்கு மணல்நிறக் குதிரையை மறக்காதீர்கள்: வெளிர்ப் பழுப்பு உடம்பு, கருப்புக் கால், பிடரியிலிருந்து வால்வரை முதுகில் ஒரு கருங்கோடு. சேணம் அந்தக் கோட்டைப் பெரும்பாலும் மறைத்துவிடும், பின்னால் தெரியும் அரை அங்குலத்துக்குள் இழுத்துவிட்டால் போதும்.

6 மி.மீ., 10 மி.மீ. அளவில் இதெல்லாம் தேவையா?

பாதி தேவையில்லை. அந்த அளவில் நிழலும் வெளிச்சமும் தானாக வராது, அதனால் எல்லா நிறத்தையும் ஒரு படி வெளிராக்குங்கள், இல்லாவிட்டால் படையே மண்ணோடு மண்ணாகிவிடும். கருங்கால், பிடரி, அங்கங்கே ஒரு நெற்றிப் பொட்டு போதும். தனித்தனிக் குதிரையாக நிறம் மாற்றுவதைவிட ஒரு பட்டையில் சேர்ந்து நிற்கும் குதிரைகளை ஒரே நிறமாக வைத்து, அடுத்த பட்டைக்கு வேறு நிறம் கொடுத்தால் ஸ்க்வாட்ரன்கள் (படையின் உட்பிரிவுகள்) பிரிந்து தெரியும்.

சீருடை நிறத்துக்கும் குதிரை நிறத்துக்கும் சம்பந்தம் உண்டா?

வரலாற்றில் எப்படியோ, கண்ணுக்கு நிச்சயம் உண்டு. பழுப்புச் சீருடைக்காரரைப் பழுப்புக் குதிரையில் ஏற்றிப் பழுப்புத் தோல்வார் கட்டினால் மொத்தமும் ஒரே கட்டியாகத் தெரியும். நீலச் சீருடைக்குச் செவலை அள்ளிக்கொண்டு போகும், இரண்டும் எதிரெதிர் நிறங்கள். பச்சைக்குப் பே. வெள்ளைச் சீருடைக்குக் கரும்பழுப்பு. சீருடை இருட்டாக இருந்து குதிரையும் கருப்பென்று வரலாறு அடம்பிடித்தால், சேணத்துணியின் ஓரப் பட்டையையும் கடிவாளத்தின் உலோகத் துண்டுகளையும் பளிச்சென்று வைத்து இரண்டையும் பிரியுங்கள். தோல்வாரைப் பொறுத்தவரை, பே குதிரையில் கருப்பு வார், கருப்புக் குதிரையில் பழுப்பு வார் என்பது என் பழக்கம், சீருடை விதி வேறு எதுவும் சொல்லாதவரை.

பழைய ஓவியங்களைப் பார்த்து நிறம் எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் சந்தேகத்தோடு. பிரெஞ்சு ஓவியர் டேவிட் வரைந்த, நெப்போலியன் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டும் படம் எல்லாருக்கும் தெரியும். அதை அவர் ஐந்து தடவை வரைந்தார், பிரதிக்குப் பிரதி குதிரையின் நிறம் மாறுகிறது. கடைசியில் பார்த்தால் 1800இல் நெப்போலியன் அந்த மலையைத் தாண்டியதே கோவேறு கழுதையில்தான். அலெக்சாண்டரின் குதிரை புகெபாலஸும் அப்படியே. கருத்த உடம்பு, நெற்றியில் மாட்டுத்தலை வடிவில் வெள்ளை என்று ஒரு வழக்கு இருப்பதாகப் பழங்கால வரலாற்றாசிரியர் அர்ரியன் எழுதுகிறார், பொம்பேயில் கிடைத்த புகழ்பெற்ற மொசைக்கில் குதிரை பழுப்பு. நான் கருப்பில் தீட்டினேன், நெற்றியில் அந்த மாட்டுத்தலையை வைக்கும் ஆசையில். 28 மி.மீ.யில் அது மாட்டுத்தலையாக வரவில்லை, தூரிகை தவறிய பொட்டாகத்தான் வந்தது.

ஏற்கனவே தப்பாகத் தீட்டி, ஒட்டி, வார்னிஷும் அடித்தாயிற்று. என்ன செய்வது?

உரிக்காதீர்கள். பெரும்பாலானதை மேலேயே திருத்திவிடலாம். கருப்புப் பிடரி, பழுப்புக் கால் என்றால் காலைக் கருப்பாக்குங்கள், குதிரை பேயாகிவிடும். பழுப்புப் பிடரி, கருப்புக் கால் என்றால் பிடரியையும் வாலையும் கருப்பாக்குங்கள். மயிலை அளவுக்கு மேல் இருந்தால் நல்லதாக இரண்டை விட்டுவிட்டு மீதியின்மேல் பழுப்பு வாஷ் (தண்ணீராகக் கரைத்த வண்ணம்) இரண்டு பூச்சு ஓட்டுங்கள், வெளிர் மணல்நிறமாக இறங்கும், கால்களைக் கருப்பாக்கினால் புதுக் குதிரை. எல்லாம் ஒரே பழுப்பாக இருந்தால் மூன்றில் ஒன்றுக்குச் செம்பழுப்பு வாஷ், இன்னொரு மூன்றில் ஒன்றுக்குக் கரும்பழுப்பு வாஷ். வார்னிஷ் மேல் வாஷ் சரியாக ஒட்டாமல் உருண்டு ஓடும், அதனால் முதலில் மேட் வார்னிஷ் ஒன்று தெளித்துக் காயவிட்டு ஆரம்பியுங்கள். வீரனின் காலணியில் பட்டுவிட்டால் கவலை வேண்டாம், அவனும் சேற்றில்தான் வந்திருப்பான்.